தனக்குத் தானே கோ விளையாடும் இயந்திரம்: அந்த ஆட்டங்களை எப்படிப் பார்ப்பது?

கொக்குவில் தெறிக்காரன் எழுதியது:

வணக்கம். கந்தோர் வேலையில் இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. சதுரங்கம் சின்ன வயதிலேயே பழகினேன். கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் கறுப்பு, வெள்ளைக் காய் வைத்து இடம் வளைத்துப் பிடிக்கும் கோ விளையாட்டைப் போன வருடம்தான் பெறாமகன் ஒருவன் காட்டித் தந்தான். அவன் லீவு முடிந்து போய்விட்டான், விளையாட்டு என்னோடு நின்றுவிட்டது. பலகைக்கு எங்கே போவது? பிரிஸ்டல் மட்டையில் நெடுக்கே 19, குறுக்கே 19 கோடு கீறினேன். தையல் சாமான் விற்கும் கடையில் கறுப்புத் தெறி 181, வெள்ளைத் தெறி 180 கேட்டபோது கடைக்காரர், "எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அண்ணை சேட்டுத் தைக்கிறியள்?" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2017 மே மாதம் சீனாவில், அந்த நாட்டு முன்னணி ஆட்டக்காரர் கே ஜியேயை, டீப்மைண்ட் நிறுவனத்தின் கோ ஆடும் இயந்திரமான அல்ஃபாகோ 3-0 என்று வென்ற கையோடு, அல்ஃபாகோ தன்னோடு தானே விளையாடிய 50 ஆட்டங்களை டீப்மைண்ட் வெளியிட்டது. பின்னேரம் நான்கு மணிக்குத் தேத்தண்ணியும் கையுமாக இருந்து, போனைப் பார்த்து ஒவ்வொரு தெறியாக வைத்துப் பார்க்கிறேன். முதல் இரண்டு ஆட்டம் வீண். திரையில் நிரல்களுக்கு ஆங்கில எழுத்துப் போடுகிறார்கள், ஆனால் ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டு எச்சுக்கு அடுத்து ஜே என்று போகிறார்கள். நான் மட்டையில் ஐயையும் சேர்த்து எழுதியிருந்தேன். வலப்பக்க மூலையில் வைத்த காயெல்லாம் ஒரு கோடு தள்ளி விளிம்போடு ஒட்டிக்கொண்டு நின்றன. நானோ இயந்திரத்தின் புதுமை என்று நினைத்து வியந்துகொண்டிருந்தேன். டீ என்ற நிரலில் ஒரு காய் வந்தபோதுதான், என் மட்டையில் அப்படி ஒரு நிரலே இல்லை என்று கண்டேன்.

இப்போது எழுத்துச் சரி. ஆனாலும் ஐம்பதாவது அறுபதாவது காய்க்குப் பிறகு ஒன்றும் விளங்குவதில்லை. 2016இல் கொரிய ஆட்டக்காரர் லீ செடோல் அல்ஃபாகோவோடு விளையாடிய ஆட்டங்களை என்னால் தொடர முடிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் அவர் சிகரெட் குடிக்க வெளியே போன நேரம் அல்ஃபாகோவின் அந்தப் பேர்போன 37ஆவது காய் விழுகிறது; திரும்பி வந்து பார்த்துவிட்டு நீண்ட நேரம் யோசிக்கிறார். நாலாவது ஆட்டத்தில் 78ஆவது காயால் அவர் திருப்பிக் கொடுக்கிறார். மனிதன் ஒருவன் இருந்தால் கதை இருக்கும். இங்கே இரண்டு பக்கமும் அதுவே. ஒரு காய்க்கூட்டம் சுற்றி வளைக்கப்பட்டுச் சாகப் போகிறது என்று நான் பதைக்கும்போது, இரண்டு பேரும் அதை அப்படியே விட்டுவிட்டு வேறு மூலைக்குப் போய்விடுகிறார்கள். இதில் எதைப் பார்க்க வேண்டும்?

இன்னொரு சந்தேகம். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் நான் தனியே சதுரங்கம் ஆடியிருக்கிறேன். பலகையைச் சுற்றிச் சுற்றி இருந்து இரண்டு பக்கமும் நானே. எவ்வளவு நேர்மையாக ஆடினாலும் கறுப்புத்தான் வெல்லும், ஏனென்றால் எனக்குக் கறுப்பைப் பிடிக்கும். இயந்திரத்துக்கு அந்தப் பக்கச்சார்பு வராதா?

---

திருநெல்வேலி_இரவு எழுதியது:

ஐயா, இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், நான் கோ விளையாட்டில் உங்களைவிட மோசம். கணினிதான் என் சோலி.

அதற்குப் பிடித்த நிறம் என்று ஒன்று இல்லை. அல்ஃபாகோவின் பிந்திய வடிவமான அல்ஃபாகோ ஸீரோவை எடுத்தால், பலகை அதற்குள் போகும்போதே "இப்போது ஆட வேண்டியவரின் காய்கள் இவை, எதிராளியின் காய்கள் இவை" என்றுதான் போகிறது. எந்த நிறத்தின் முறை என்பதையும் சொல்வார்கள், ஆனால் அது கோமிக்காக. இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்குக் கொடுக்கும் ஏழரைப் புள்ளி யாருக்குச் சேரும் என்று தெரிய வேண்டுமே. நீங்கள் விளக்கடியில் கதிரையை மாற்றி இருந்தபோது, போன முறை அந்தப் பக்கம் இருந்து போட்ட திட்டமும் உங்களோடு எழும்பி வந்தது. இதற்கு ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: பலகை இது, முறை என்னுடையது, எங்கே வைத்தால் வெல்ல வாய்ப்பு அதிகம்?

ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் பார்க்கும் 50 ஆட்டமும் காட்சிக்குக் கொடுத்தவை. பழகுவதற்காக அது ஆடுகிற ஆட்டம் வேறு. அதே வருடம் ஒக்டோபரில் வந்த அல்ஃபாகோ ஸீரோ, மனிதர் ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்காமல், மூன்று நாளில் 49 இலட்சம் ஆட்டங்களைத் தன்னோடு ஆடியது. ஒரு காய்க்கு 1600 தடவை முன்னோக்கிப் பார்த்தது. அந்த ஆட்டங்களில் வேண்டுமென்றே கொஞ்சம் குழப்பத்தைக் கலந்துவிடுவார்கள், இல்லாவிட்டால் அது தெரிந்த பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆட்டம் முடிந்ததும் யார் வென்றது என்ற விடையை ஒவ்வொரு நிலைக்கும் திருப்பிக் கொடுத்துத் திருத்துவார்கள். மூன்று நாள் முடிவில், லீ செடோலை வென்ற பழைய அல்ஃபாகோவை அது 100-0 என்று அடித்தது. அப்படிப்பட்ட பயிற்சி ஆட்டம் கையில் கிடைத்தால் தெறி வைத்துப் பார்த்து மினக்கெடாதீர்கள். சில காய்களுக்குக் காரணம், அந்தக் குழப்பம்தான்.

---

ஸ்காபரோ_பவானி எழுதியது:

அண்ணை, உங்களுடைய முதல் கேள்வி எனக்கும் இருந்தது. இங்கே கனடாவில் கிளப்பில் பத்து வருடமாக விளையாடுகிறேன், இந்த 50 ஆட்டத்தையும் அரைகுறையாக இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

"சாகப் போகிற கூட்டத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மனிதர் இருவர் ஆடினால் ஒருவர் ஏமாறுவார், எதிராளியின் காய்த்தொடருக்கு நடுவே காய் வைத்து வெட்டித் துண்டாக்குவார், வெட்டியது தப்பு என்று அடுத்த பத்துக் காயில் பலகையே எங்களுக்குச் சொல்லித் தரும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே அறிவு. வெட்டினால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும், அதனால் ஒருவரும் வெட்டுவதில்லை. சண்டை பலகைக்கு வராமலே முடிந்துவிடுகிறது. நாங்கள் பார்ப்பது சண்டைக்குப் பிறகு மிஞ்சியதை மட்டும்தான்.

ஆகவே அந்தத் தப்பை நீங்கள்தான் செய்ய வேண்டும். அடுத்த காயைப் பார்க்காமல் போனைக் கவிழ்த்து வையுங்கள். நீங்களாக இருந்தால் எங்கே வைப்பீர்கள் என்று மூன்று இடம் எழுதுங்கள். பிறகு திறந்து பாருங்கள். பொருந்தாது, கவலைப்படாதீர்கள், எனக்கும் நாலில் ஒன்று பொருந்தினால் பெரிய காரியம். ஆனால் "இவன் ஏன் இங்கே வெட்டவில்லை?" என்று மனம் கத்துகிற இடம் ஒன்று வரும். அந்த நிலையைக் கட்டாகோ என்ற கோ ஆடும் கணினி நிரலில் போட்டு, நீங்களே வெட்டி, அதைப் பதில் சொல்ல விடுங்கள். கட்டாகோ இலவசம். நல்ல வேகமான கணினி இல்லாவிட்டாலும் சிறிய நரம்பு வலையை வைத்து ஓடும், கொஞ்சம் பொறுமை வேண்டும். அது எத்தனை புள்ளி முந்தியிருக்கிறது என்றும் காட்டும். அல்ஃபாகோ அப்படி அல்ல, வெல்வது ஒன்றே அதன் கணக்கு; அரைப் புள்ளியில் வென்றாலும் ஐம்பதில் வென்றாலும் ஒன்றுதான். அதனால் முன்னுக்கு நிற்கும் பக்கம் கடைசியில் இரண்டு மூன்று புள்ளியைச் சும்மா விட்டுக்கொடுப்பதைக் காண்பீர்கள். அது ஞானம் இல்லை, வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். நான் அதற்குள் தத்துவம் தேடி ஒரு மாதம் வீணாக்கினேன்.

எண்பதாவது காயோடு நிறுத்துங்கள். எங்கள் தரத்துக்குப் பிறகு வருவது வெறும் மூடுபனி. தொடக்கத்தில்தான் சரக்கு இருக்கிறது. விளிம்பில் இருந்து மூன்றுக்கு மூன்று என்ற புள்ளியில் மூலைக்குள் இறங்குவதை வடிவாகப் பாருங்கள். எனக்குச் சொல்லித் தந்தவர், தொடக்கத்திலேயே அங்கே இறங்கினால் எதிராளிக்கு வெளியே சுவர் எழுப்பிக் கொடுத்துவிடுவாய் என்று கையில் அடிக்காத குறை. அல்ஃபாகோ பத்துப் பதினைந்து காய்க்குள்ளேயே இறங்குகிறது. வித்தியாசம் எங்கே என்றால், பழைய முறைப்படி விளிம்போடு ஊர்ந்து முழுவதையும் முடிப்பதில்லை. பாதியில் விட்டுவிட்டு வேறு இடம் போகிறது. எதிராளிக்குச் சுவர் கிடைக்கிறது, ஆனால் பூசி முடிக்காத சுவர். இன்று தொழில்முறை ஆட்டக்காரரே இதைச் செய்கிறார்கள்.

---

சும்மா_ஒரு_கருத்து எழுதியது:

தன்னோடு மட்டும் ஆடினால் வரும் குறையையும் சொல்லுங்கோ. 2023இல் கெலின் பெல்ரின் என்ற அமெரிக்க அமெச்சூர் ஆட்டக்காரர் கட்டாகோவோடு 15 ஆட்டம் ஆடி 14ஐ வென்றார். ஆடும்போது கணினி உதவி இல்லை. தந்திரத்தை முன்பே வேறொரு கணினி நிரல் தேடிக் கண்டுபிடித்திருந்தது, இவர் படித்துக்கொண்டு போனார். இயந்திரத்தின் காய்க்கூட்டம் ஒன்றை மெதுவாக வளையம் போட்டுச் சுற்றி வளைப்பது, இடையிடையே வேறு மூலையில் ஆடிக் கவனத்தைத் திருப்புவது. ஓரளவு பழகிய மனிதனுக்கே தெரிகிற ஆபத்து அதற்குத் தெரியவில்லை. அதன் எதிராளியும் அதுவே என்பதால் அப்படி ஒரு கோணல் ஆட்டம் அதற்கு எதிரே வந்ததே இல்லை. பிறகு அந்த ஓட்டையை அடைக்கப் பயிற்சி கொடுத்தார்கள்.

தெறியை விட்டுவிட்டுப் போனிலேயே பார்த்தால் என்ன?

---

கொக்குவில் தெறிக்காரன் எழுதியது:

கடைசித் தம்பிக்கு: போனில் பார்த்தால் விரல் வழுக்கி இருபது காய் ஓடிவிடும். தெறியைத் தேடி எடுக்கிற நேரத்தில்தான் எனக்கு யோசனை வருகிறது.

திருநெல்வேலித் தம்பி, கதிரை மாற்றியபோது திட்டமும் எழும்பி வந்தது என்றீர்கள். ஓம், அதேதான். வெள்ளைப் பக்கம் இருக்கும்போது கறுப்பின் பொறியைக் காணாதவன் போல் நடித்திருக்கிறேன்.

பவானி, நீங்கள் சொன்னபடி மூன்று நாள் செய்தேன். மகளின் பழைய லப்டொப்பில் கட்டாகோ ஓடுகிறது, விசிறி கத்துகிற கத்தில் மனிசி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறா. ஊகித்தது 72 இடம், பொருந்தியது 11. நேற்று ஒரு இடத்தில் வெள்ளைக்கு நடுவே பெரிய வெடிப்பு. வெட்டினால் இரண்டு துண்டாகும், கறுப்பு வெட்டவில்லை. நான் வெட்டினேன். கட்டாகோ என்னைத் துரத்தவே இல்லை. தள்ளி, பக்கத்துக் கூட்டத்துக்கு ஒரு காய் வைத்தது. நான் வெட்டிய சந்தோசத்தில் இன்னும் இரண்டு காய் போட்டேன். பத்தாவது காயில் பார்த்தால் வெட்டப் போன என் ஆறு தெறிக்கும் ஒரே ஒரு மூச்சுத்தான், அதாவது ஒட்டி நிற்கும் வெறும் புள்ளி ஒன்றுதான் மிச்சம். திரும்பவும் மூன்று விதமாக வெட்டிப் பார்த்தேன், மூன்றிலும் அடி. அதற்குப் பிறகு மூல ஆட்டத்தில் கறுப்பு ஏன் பேசாமல் கீழ்ப்பக்கம் போனது என்று எனக்குச் சத்தமாகவே கேட்டது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மூலைக்குள் இறங்கி, பாதியில் விட்டுவிட்டுப் போகிறது என்றீர்களே, திரும்பி வந்து முடிப்பது எப்போது என்று எதை வைத்துப் பார்ப்பது? இன்றைய ஆட்டத்தில் இரண்டு மூலை அப்படியே கிடக்கிறது. நாளைக்கு இங்கே பின்னேரம் நான்கு மணிக்கு, உங்களுக்குக் காலை ஆறரை, 41ஆவது காய்க்கு முன்னால் நிறுத்தி என்னுடைய மூன்று இடத்தையும் எழுதுகிறேன். விடையைச் சொல்லிவிடாதீர்கள்.