மறு: அசர்ட்டிவ் அவுட்ரீச் – "நாடிச்செல் பணி" சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். பதில் எழுதப் பிந்திவிட்டது. செவ்வாய் இரவு புறக்கோட்டைப் பக்கம் போகவேண்டியிருந்தது; இந்தச் சொல்லைப் பற்றி எனக்கு ஒரு முடிவு வந்ததும் அங்கேதான். அதைக் கீழே சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: தெருவில் வாழ்கிற, மனநோயும் உள்ள ஆட்களோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். கொழும்பில் தாதிமாரும் உளசமூகப் பணியாளர்களும் கையில் வைத்துப் பாவிக்கப்போகிற கையேடு. அதில் அசர்ட்டிவ் அவுட்ரீச் (assertive outreach), அதாவது கிளினிக்குக்கு வராதவரிடம் குழுவே விடாமல் போய் உதவுவது, என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

கருத்து தெளிவானால் சொல் தானாக வரும் என்று யாழ்ப்பாணத்து அண்ணா எழுதியிருந்தார். சரி, கருத்திலிருந்தே தொடங்குகிறேன். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மடிசன் நகரில், மெண்டோட்டா அரச ஆஸ்பத்திரியில் லெனர்ட் ஸ்டைன், மேரி ஆன் டெஸ்ட் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் ஒன்றைக் கவனித்தார்கள். வார்டில் தேறிப் போகிறவர்கள் கொஞ்ச நாளில் திரும்பவும் வந்து நிற்கிறார்கள். வார்டுக்குள் பழகியது வெளியே கைகொடுக்கவில்லை. ஆகவே ஊழியர்களையே ஊருக்குள் அனுப்பினார்கள். டொக்டர், தாதி, சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே குழு. ஒரு பணியாளருக்குச் சுமார் பத்துப் பேர்தான். மருந்து மட்டுமல்ல, சமைக்கப் பழக்குவது, வாடகை பேசுவது, கூடவே கடைக்குப் போவது எல்லாம் அந்தக் குழுவின் வேலை. இரவில் கூப்பிட்டாலும் யாராவது வருவார்கள்.

இதில் முக்கியமான இடம் எது? சாதாரண கிளினிக்கில் ஒருவர் சொன்ன திகதிக்கு வராவிட்டால் அவருடைய கொப்பி அடுக்கின் அடியில் போய்விடும். இந்த முறையில் அவர் வராத நாளில்தான் குழுவுக்கு வேலையே தொடங்குகிறது. வராவிட்டால் போகவேண்டும். "வராதே" என்று சொன்னால் அன்றைக்குத் திரும்பிவந்து இன்னொரு நாள் போகவேண்டும். அந்த விடாமைக்குத்தான் ஆங்கிலத்தில் "அசர்ட்டிவ்" என்ற அடைமொழி. அது குழுவின் குணம். நோயாளிமேல் பிரயோகிக்கிற பலம் அல்ல.

இதை வைத்துக்கொண்டு நீங்கள் எல்லோரும் தந்த சொற்களைப் பார்க்கிறேன்.

"வலியுறுத்து வெளிக்களப் பணி", "வலிந்த சேவை" இரண்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வலிந்து என்ற சொல்லைக் கேட்டதும் எவருக்கும் பலவந்தம்தான் நினைவுக்கு வரும். இது சொல்லழகு பற்றிய பிரச்சினை இல்லை. மனநோய் பற்றிய நம் நாட்டுக் கட்டளைச்சட்டம் 1873 இல் வந்தது. அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச்சட்டம் அதைவிடப் பழையது, 1841. பிடித்து ஏற்றி, ஓரிடத்தில் விட்டுப் பூட்டுவதே முறை என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. அந்த நினைப்புக்கு எதிராக வந்த ஒரு முறைக்கு நாமே "வலிந்து" என்று பெயர் வைக்கலாமா?

"தன்முனைப்புச் சேவை" என்றால் ஆணவம் என்றுதான் பாதிப்பேர் வாசிப்பார்கள்.

"நடமாடும் உளநல சேவை" என்று மட்டக்களப்பு அக்கா தந்தது முதலில் எனக்கும் பிடித்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் அக்கா, நடமாடும் சேவை என்றால் நம்மவர்களுக்கு என்ன தெரியும்? பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டிருப்பார்கள். ஐசி (அடையாள அட்டை), பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு காலை ஆறு மணிக்கே வரிசையில் நிற்கவேண்டும். அங்கேயும் சனம்தான் சேவையிடம் போகிறது. தெருவில் படுக்கிறவரிடம் ஐசியும் இல்லை, வதிவிடத்தை உறுதிப்படுத்திக் கடிதம் தர ஒரு கிராம உத்தியோகத்தரும் இல்லை. நாம் சொல்லவருவதற்கு நேர்மாறான படம் அது.

கடைசியில் நின்றது சென்னை நண்பர் தந்த "தேடிச்செல் பணி". சுருக்கம், எளிமை, வினைத்தொகை. திங்கள்வரை நானும் இதற்கே கை தூக்கினேன்.

இனிச் செவ்வாய்க்கிழமைக் கதை. வாராவாரம் கோட்டை ரயில் நிலையத்துப் பக்கம் போகிற ஒரு தாதியோடு (மிஸி என்றுதான் கூப்பிடுவோம்) அன்றைக்கு நானும் போனேன். மூடிய கடையின் தகரக் கதவோடு சாய்ந்தபடி ஓர் அம்மா, தமிழ்தான் கதைப்பவர். மிஸி ஓர் ஆள் தூரம் தள்ளிக் குந்தினார். இரண்டு பிளேன்டீ வாங்கி வந்திருந்தார். ஒன்றை நடுவில் வைத்துவிட்டு மற்றதைத் தான் குடித்தார். மருந்து பற்றி ஒரு சொல் இல்லை. மழை, பக்கத்தில் சுருண்டு கிடந்த பூனை, இன்றைக்கு யார் சோத்துப் பார்சல் கொடுத்தார்கள், இவ்வளவுதான் கதை. இது மிஸியின் ஏழாவது வருகையாம். முதல் நான்கு தடவையும் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாராம்.

அன்றைக்கு அவராகவே ஒரு பையை அவிழ்த்தார். பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை. கடைசிப் பைக்குள் ஒரு கிளினிக் கொப்பி, நீர் பட்டு மை ஊறி, நாலாக மடித்தபடி. மிஸி கை நீட்டவில்லை. அவர் விரித்துக் காட்டும்வரை காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு வாகனத்தின் வெளிச்சம் திரும்பியது. கண் மூடித் திறப்பதற்குள் கொப்பி பைக்குள் போனது, பைகள் எல்லாம் நெஞ்சோடு போயின, அம்மா எழுந்து நின்றுவிட்டார். "தேடி வாறாங்கள்" என்றார். வந்தது நாலாம் குறுக்குத் தெருவுக்கு வெங்காயம் ஏற்றி வந்த லொறி.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நம் இழைதான் நினைவுக்கு வந்தது. தேடி வருவது என்றால் கொழும்பில் தமிழ் பேசுகிறவர்களின் காதில் அது என்ன சொல்? சுற்றிவளைப்பு, தேடுதல், இரவில் கதவு தட்டும் சத்தம். 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியமுன் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை எழுப்பி, பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. நான் கொட்டாஞ்சேனைக்காரன். அந்த நாட்களில் "ஆரோ தேடி வந்தவங்கள்" என்று என் அம்மா மெதுவாகச் சொன்னால் வீட்டில் எல்லோருடைய குரலும் இறங்கிவிடும். சென்னையில் இந்தச் சொல்லுக்கு இந்தப் பாரம் இல்லை, அது நண்பருடைய பிழையும் இல்லை. ஆனால் எங்கள் கையேடு பேசப்போவது அந்தத் தகரக் கதவடியில் நின்ற அம்மாவைப் பற்றி. தெருவில் எங்கள் ஆட்கள் தங்களைத் "தேடிச்செல் குழு" என்று அறிமுகப்படுத்தினால் அவர் பைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஆகவே நான் முன்வைப்பது "நாடிச்செல் பணி".

நாடுதல் என்பதிலும் தேடல் இருக்கிறது, ஆனால் விருப்பத்தோடு போவது. உதவி நாடி வந்தார், நிழல் நாடிப் போனார் என்கிறோம். நாடுகிறவர்தான் தேவை உள்ளவர், போய் நிற்கிறவர். வழமையாக நோயாளி சிகிச்சையை நாடுவார். இங்கே சிகிச்சை அவரை நாடுகிறது. மடிசனில் நடந்த திருப்பம் இதுதான். ஆங்கிலத் தொடரில்கூட இது இவ்வளவு துலக்கமாக இல்லை என்பது என் எண்ணம். நாடிச்செல் குழு, நாடிச்செல் பணியாளர், நாடிச்செல் பராமரிப்பு என்று கிளைவிடவும் இடம் கொடுக்கிறது. விடாமை என்ற பொருள் குறைகிறது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை வரும் இடத்தில் "விடாது நாடிச்செல் பணி" என்று முழுதாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் சுருக்கமாகப் பாவிக்கலாம்.

இரண்டாவது சொல், ஹவுசிங் ஃபர்ஸ்ட். குடியை நிறுத்து, மருந்தை ஒழுங்காக எடு, பிறகு வீடு பார்க்கலாம் என்ற வரிசையைத் தலைகீழாக்கி, அப்படியான எந்த முன்நிபந்தனையும் இல்லாமல் வீட்டை முதலில் கொடுப்பது. 1992 இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் நியூயோர்க்கில் தொடங்கியது. பிறகு கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆய்வு செய்தது. வீடு முதலில் கிடைத்தவர்கள் ஆய்வுக் காலத்தில் 73 வீதமான நேரம் நிலையான வீட்டில் இருந்தார்கள். வழமையான சேவை கிடைத்தவர்கள் 32 வீதம்தான். கூடுதல் உதவி தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயும் மடிசன் மாதிரிக் குழுவே போனது. அதனால்தான் இரண்டு சொல்லும் கையேட்டில் கூடக்கூட வருகின்றன.

"வீடு முதல்" வேண்டாம். தமிழ்க் காது உடனே "வீடு முதல் வீதி வரை" என்று மிச்சத்தை எதிர்பார்க்கும். "முதலில் வீடு" என்றால் போதும். சந்தேகமே இல்லாத சொல்.

"வீடற்றோர்" பற்றி மட்டும் ஒரு தயக்கம். இங்கே வீடில்லாதவர் என்றால் வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டவர், லயத்தில் இருப்பவர், தோட்டத்து முடுக்கில் வாடகைக்கு இருப்பவர் எல்லோரும் கை தூக்குவார்கள். அவர்கள் கேட்பது நியாயம், ஆனால் அது வேறு விஷயம். பத்திரிகைகள் எழுதுகிற "யாசகர்" இன்னும் பிழை. அந்த அம்மா யாரிடமும் கை நீட்டுகிறவர் அல்ல. "தெருவில் வாழ்வோர்" என்றே போட்டிருக்கிறேன்.

மனநலமா உளநலமா என்று கேட்டவருக்கு: உளவளத்துணை, உளசமூகம் என்று இங்கே ஏற்கெனவே ஊறிவிட்டது, ஆகவே உளநலம். சென்னைப் பதிப்பு வந்தால் நண்பர் மாற்றிக்கொள்ளட்டும். தெருவில் வாழ்கிற மனநோயுள்ளவர்களுக்காக 1993 இல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, சாதாரணத் தெருக்களில் வீடெடுத்து நாலைந்து பேரைச் சேர்ந்து வாழவைக்கிற வேலையைச் செய்துவருகிறது. அங்குள்ளவர்கள் தங்களுக்குள் என்ன சொல் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதமுடியுமா, நண்பரே?

எனக்குள்ள ஒரே கவலை, கையேட்டின் உடற்பரிசோதனைப் பக்கத்தில் "நாடி பார்த்தல்" என்று வருகிறது. எதிர்ப்பக்கத்திலேயே "நாடிச்செல் குழு" இருக்கிறது. அவசரத்தில் வாசிக்கிறவர் குழம்புவாரா? அங்கே "நாடித்துடிப்பு" என்று மாற்றினால் தீருமா? மிஸியிடம் வரைவைக் காட்டினேன். சொல் பிடித்திருக்கிறது என்றார். ஆனால் ஓரத்தில் பென்சிலால், "நாங்கள் றோட்டுக்குப் போறது எண்டுதான் சொல்றது" என்று எழுதித் தந்திருக்கிறார். அதை முதல் பக்கத்து விளக்கத்தில் அப்படியே போட விரும்புகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள், அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து