மேட்ச் பார்த்த இடத்தில் எதிர்ப்பட்ட அந்த ஆள்: சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

தறிச்சத்தம்

2023 நவம்பர் 19. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய உலகக் கோப்பை ஃபைனல், என்ன நாள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அம்மாபேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு புரொஜெக்டர் எடுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடவில்லை. அதனால் தறிக்கூடத்துக்குள்ளேயே வெள்ளைத் துணி கட்டி உட்கார்ந்துவிட்டோம்.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர். யார் வீட்டுக்காரர் என்று இன்றுவரை தெரியாது. மடியில் தட்டுவடைப் பொட்டலம். ரோஹித் 47-ல் தூக்கி அடித்து, ஹெட் பின்னாலேயே ஓடிப்போய் அந்த கேட்சைப் பிடித்தானே, அதிலிருந்து இவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். முதலில் எனக்குப் புரியவில்லை. பவுண்டரி வராத பந்துகளைத்தான் எண்ணுகிறார் என்று அப்புறம் தெரிந்தது. 97 பந்து என்று மறுநாள் பேப்பரில் பார்த்தேன். எங்கேயோ கணக்கை விட்டுவிட்டு மறுபடி கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தார், பாவம்.

ஆஸ்திரேலியா 47-க்கு 3 ஆனபோது தறிக்கூடமே எழுந்து ஆடியது. பெரியவர் மட்டும் திரும்பி, "தம்பி, ரொம்ப ஆடாதீங்க. ராத்திரி ஆவ ஆவ பந்து வழுக்கும். அந்த மீசக்காரன் இன்னும் நிக்கிறான் பாருங்க" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "பெருசு, போய் வாயக் கழுவிட்டு வாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும், தோற்றோம். மீசைக்காரன் ஹெட் 137. லபுஷேனோடு சேர்ந்து 192. ஹெட் நூறு அடித்ததுமே பையன்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் நான் தனியாகத் திரையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் வந்து துணியின் மறுமுனையைப் பிடித்தார். "முனைக்கு முனை சேரணும் தம்பி, இல்லாட்டி சுருக்கம் விழும்" என்று சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மேட்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நான்தான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

பதினெட்டாம் வளைவு

எனது 2019 உலகக் கோப்பை செமி ஃபைனல், நியூசிலாந்தோடு. மழையால் இரண்டாம் நாளுக்குப் போன அந்த மேட்ச்தான். ஜூலை 10, புதன்கிழமை. வேலை முடிந்து ஏற்காட்டுக்கு மேலே ஏறும் பஸ்ஸில் இருக்கிறேன். ஒரு காலேஜ் பையன் காதில் வைத்துக் கமெண்டரி கேட்டுக்கொண்டிருந்தான். ஜடேஜா அடிக்க ஆரம்பித்ததும் கண்டக்டரே, "ஸ்பீக்கர்ல போடுப்பா, எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

அந்தப் பாதையில் போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், ஒரு வளைவில் டவர் முழுசாக இருக்கும், அடுத்த வளைவில் சுத்தமாகப் போய்விடும். ஜடேஜா 77-ல் அவுட். 12 பந்தில் 31 வேண்டும். ஃபெர்குசனின் முதல் பந்தில் தோனி சிக்ஸ். பஸ்ஸே கத்தியது, டிரைவர் ஹாரன் அடித்தார். அடுத்த கொண்டை ஊசி வளைவு. டவர் போச்சு.

அந்த நிமிடத்தைத்தான் சொல்ல வந்தேன். ஐம்பது பேர், வெளியே இருட்டு, கண்ணாடியில் பனி. ஒருவரும் பேசவில்லை. எல்லாருடைய கண்ணும் அந்தப் பையன் கையில். அடுத்த வளைவு திரும்பியதும் போன் கரகரத்தது. "...கப்டில், நேரா ஸ்டம்ப்புல..." அவ்வளவுதான். பையன் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

முன் சீட்டில் கூடையோடு ஒரு பாட்டி. மிளகு விற்றுவிட்டுத் திரும்புகிறவர் போல. "யாருக்குப்பா என்ன ஆச்சு?" என்று கேட்டார். கண்டக்டர், "தோனி ரன் அவுட் பாட்டி" என்றார். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உசுருக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் பஸ் முழுக்கச் சிரித்திருக்கும். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் ரொம்ப மெதுவாக, "இல்ல பாட்டி" என்றார்.

பெவிலியன் எண்ட்

முதலில் என் அனுபவம். அதே அகமதாபாத் ஃபைனல், நான் ஃபேர்லேண்ட்ஸில் நண்பர் வீட்டில். கீழ்வீட்டுக்காரர் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் எங்களுக்கு முன்னாலேயே கத்திவிட்டார். சண்டைக்கே போய்விட்டேன். அவ்வளவுதான்.

இப்போது தறிச்சத்தத்துக்கு. அந்தப் பெரியவர் சொன்னது பாதிதான் சரி. பனியை மட்டும் சொல்லித் தப்பிக்கக் கூடாது. அக்டோபர் 14-ல் பாகிஸ்தானை 191-க்குச் சுருட்டினோமே, அதே ஆடுகளத்தில்தான் ஃபைனலும் நடந்தது. காய்ந்துபோன களம். பகலில் பந்து நின்று வந்தது, விளக்கு போட்டதும் மட்டைக்கு நன்றாக வந்தது. கம்மின்ஸ் டாஸ் ஜெயித்து பவுலிங் எடுத்தபோது நம் ஆட்கள் எத்தனை பேர் சிரித்தீர்கள்? தொடர்ந்து பத்து மேட்ச் ஜெயித்த அணிக்கு எதற்கு அப்படி ஒரு களம்? நம் வேகப்பந்து வீச்சாளர்கள் மூன்று பேரும் எந்தக் களத்திலும் விக்கெட் எடுக்கும் நிலையில் இருந்தார்கள். ராகுல் 107 பந்து ஆடி 66, அதில் ஒரே ஒரு ஃபோர். அவரைத் திட்டுகிறவர்கள் அந்தக் களத்தைத் தேர்ந்தெடுத்தவர்களை ஏன் கேட்பதில்லை?

பதினெட்டாம் வளைவு அவர்களே, தோனியை ஏழாவதாக இறக்கிய அன்றே மேட்ச் முடிந்துவிட்டது. 24-க்கு 4 என்று நிற்கும்போது அனுபவக்காரரை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டவர் இருந்திருந்தாலும் அதே முடிவுதான்.

எல்லோருக்கும் ஒரு யோசனை. போனில் பார்ப்பதும் கேட்பதும் எப்போதுமே பின்தங்கித்தான் வரும். மைதானத்திலிருந்து வரும் படத்தைத் துண்டு துண்டாக்கி அனுப்பி, உங்கள் போன் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் ஓட்டும். அரை நிமிடம் கூடப் பிந்தலாம். கேபிளும் டிஷ்ஷும் அதைவிட முன்னால் வந்துவிடும். 2007-ல் வந்த சட்டப்படி இந்தியா ஆடும் உலகக் கோப்பை மேட்ச்களைத் தனியார் சேனல் தூர்தர்ஷனோடு பகிர்ந்தே ஆக வேண்டும். எனவே டிடி ஃப்ரீ டிஷ் ஒன்று மாட்டினால் மாதச் சந்தா கிடையாது. ஏற்காட்டில் இருப்பவர்கள் டிஷ்ஷைச் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள், இலை அசைந்தாலே படம் உடையும். மேட்ச் அன்று வாட்ஸப்பை அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு முதல் நாளே டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பாருங்கள். இதையெல்லாம் செய்தால் இப்படிப் புலம்ப வேண்டியிருக்காது.

தறிச்சத்தம்

நான் துணி மடித்த பெரியவரைப் பற்றி எழுதினேன். நீங்கள் டிஷ் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பாதி பேட்

2003. எனக்குப் பதினோரு வயது, குகை பக்கத்தில் வீடு. உலகக் கோப்பை ஃபைனல், ஆஸ்திரேலியாவின் பாண்டிங் 140, அவர்கள் 359. நாம் ஆடும்போது நடுவில் மழை வந்ததும் சாமிக்கு வேண்டிக்கொண்டது, சேவாக் 82-ல் ரன் அவுட் ஆனது, 125 ரன்னில் தோற்றது எல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஒரே பேச்சு: பாண்டிங் பேட்டில் ஸ்பிரிங் இருந்ததாம், கண்டுபிடித்துவிட்டார்களாம், மேட்ச் திரும்ப நடக்கப்போகிறதாம். தமிழ்நாடு முழுக்க இது எப்படி ஒரே நாளில் பரவியது என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும். அப்போது எங்கள் வீட்டில் லேண்ட்லைன் கூட இல்லை.

எங்கள் தெரு முனையில் லேத் பட்டறையில் ஒரு அண்ணன். கோபக்காரர் இல்லை, ஆனால் எதையும் செய்து பார்த்தால்தான் நம்புவார். அன்று சாயங்காலம் நாங்கள் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, "ஸ்பிரிங் வெக்கிறதுக்கு உள்ள எடம் இருக்கான்னு பாத்துருவோம், குடு" என்று என் பேட்டை வாங்கினார். தாத்தா பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்த பேட். அளக்கப்போகிறார் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். பட்டறையில் வைஸில் மாட்டினார். ரம்பத்தை எடுத்தார்.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பேட்டின் தோள் பக்கம் நெடுக அறுத்துப் பிளந்து, இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் காட்டி, "எடமே இல்ல. பாண்டிங் நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. மறு மேட்ச் நடக்காது என்று புரிந்ததுதான் முதலில் வலித்தது. பேட் போனது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மூணாவது ஷிஃப்ட்

இவ்வளவு நேரம் படித்தேன். எல்லாம் ஆண்கள் மேட்ச், எல்லாம் தோல்வி. ஜெயித்த கதை ஒன்று சொல்கிறேன், ஆனால் எனக்கு இதுவும் உறுத்தல்தான்.

நான் நர்ஸ். 2025 நவம்பர் 2, பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல், எனக்கு நைட் டியூட்டி. நவி மும்பையில் மழையால் மேட்ச் தாமதமாக ஆரம்பித்தது, அதனால் நள்ளிரவை நெருங்கியும் முடியவில்லை. வார்டில் ஒரு அம்மாவுக்குத் துணையாக அவர் கணவர், கெங்கவல்லி பக்கத்து விவசாயி. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ட்ரிப்ஸ் மாற்றப் போனபோது, "ஏங்கண்ணு, இது நெசமாவே நம்ம புள்ளைங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இத்தன நாளு யாரும் சொல்லவே இல்லையே" என்றார்.

நான் மேட்ச் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வோல்வார்ட் நூறு அடித்து நின்றுகொண்டிருந்தாள், அவள் இருக்கும்வரை தென்னாப்பிரிக்காவுக்கு வாய்ப்பு இருந்தது. தீப்தி பந்தை அவள் தூக்கினாள், கீழே அமன்ஜோத். பந்து கையில் பட்டுத் துள்ளியது, மறுபடி துள்ளியது. இவர் பாயில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் போனுக்கு முன்னால் நீட்டிவிட்டார், தான் பிடிப்பது போல. முழங்கை பட்டுத் தண்ணீர்ச் சொம்பு உருண்டு, வார்டு முழுக்கச் சத்தம். அவர் மனைவி விழித்து, "என்னய்யா?" என்றார். "புடிச்சிருச்சு" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மற்ற நோயாளிகள் முனக ஆரம்பித்ததால், "தாத்தா, போனை அணைங்க, இது ஆஸ்பத்திரி" என்று கண்டிப்பாகச் சொன்னேன். உடனே அணைத்தார். 52 ரன்னில் ஜெயித்ததையும், ஹர்மன்பிரீத் பின்னால் ஓடிக் கடைசி கேட்சைப் பிடித்ததையும், கோப்பை தூக்கியதையும் அவர் பார்க்கவில்லை. காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். ஷிஃப்ட் மாறும் அவசரத்தில் மறந்துவிட்டேன். அன்று பகலிலேயே அவர்கள் டிஸ்சார்ஜ்.

பெவிலியன் எண்ட் அண்ணா, தயவுசெய்து எனக்கு யோசனை எதுவும் சொல்ல வேண்டாம்.

ஜலகண்டாபுரம் ரோடு

எங்கள் பக்கத்தில் சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜனோடு டென்னிஸ் பால் ஆடாத ஆளே கிடையாது. அதாவது அப்படிச் சொல்லாத ஆள் கிடையாது. நானே இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

2024 ஜூன் 29, பார்படாஸில் டி20 உலகக் கோப்பை ஃபைனல். தாரமங்கலத்தில் டீக்கடை டிவி. அர்ஷ்தீப் 19-வது ஓவரில் நாலே ரன் கொடுத்ததும் பக்கத்தில் நின்றவர், "இதே எடத்துல நம்ம சின்னப்பம்பட்டி ஆளு நின்னிருக்கணும்" என்றார். ஆஸ்திரேலியாவில் ஒரே டூரில் மூன்று ஃபார்மட்டிலும் அறிமுகமான முதல் இந்தியர், அதன்பிறகு முழங்கால் சதி செய்துவிட்டது, எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. சரி, இவரும் கதை விடப்போகிறார் என்று காத்திருந்தேன். "ஒரு தடவ எனக்கு யார்க்கர் போட்டான். நடு ஸ்டம்ப் ரெண்டா போச்சு" என்றார். அவ்வளவுதான். நான் இத்தனை அடித்தேன், அவனை அவுட் ஆக்கினேன் என்று எதுவும் இல்லை. அதனால் நம்பிவிட்டேன். அதற்குள் சூர்யகுமார் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாவி மில்லரைப் பிடிக்க, கடையில் டீ கிளாஸ் பறந்தது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. டீக்குக் காசு நான் கொடுத்தேன்.

பெவிலியன் எண்ட்

சூர்யகுமார் கால் கோட்டில் படவில்லை, அதைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் விளக்கமாக எழுதுகிறேன்.

பதினெட்டாம் வளைவு

வேண்டாம்.

பாதி பேட், அந்த லேத் அண்ணன் அப்புறம் புது பேட் வாங்கிக் கொடுத்தாரா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

பாதி பேட்

இல்லை. அவர் இப்போது துபாயில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியா ஆடிய மேட்ச் எல்லாம் அங்கேதானே நடந்தது. நியூசிலாந்தை ஜெயித்த ஃபைனலுக்கு டிக்கெட் கிடைத்து, ஸ்டேடியத்திலிருந்து செல்ஃபி அனுப்பினார். இருபத்திரண்டு வருடத்துக்கு அப்புறம் முதல் முறையாகக் கேட்டேன்: "அண்ணா, என் பேட்?"

கட்டை விரலைத் தூக்கி ஒரு படம் போட்டார். அடுத்த நிமிடம், "வருண் செம்ம பவுலிங்டா தம்பி" என்று அனுப்பினார்.