கூட்டத்தின் ஓரத்தில் நின்று திருவிழா பார்ப்பவர்கள்

மாசி வீதி

பள்ளி விடுமுறை வரப்போகிறது, சித்திரைத் திருவிழாவும் வரப்போகிறது. "மூணு வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அழகரைப் பார்க்க முடியுமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். ஆனால் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வேண்டாம் என்பேன்.

தங்கக் குதிரையில் அழகர் வைகைக்குள் இறங்குவது விடிகிற நேரத்தில். அதை நல்ல இடத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால் ராத்திரியே ஆற்றுக்குள் இடம் பிடிக்க வேண்டும். பிள்ளைக்குத் தூக்கம் கெடும். கூட்டம் அசைய ஆரம்பித்தால் நாம் நினைத்த பக்கம் நகர முடியாது, போனும் எடுக்காது. 2022-ல் அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்தே போனார்கள். நம் இடுப்பு உயரத்தில் காற்று எப்படி இருக்கும் என்று பிள்ளை உயரத்துக்குக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் ஆற்றில் இறங்குவதை டிவி நேரலையில் பார்ப்போம். என்ன நிறப் பட்டு என்று மாமியாருக்கும் எனக்கும் பந்தயம் நடக்கும். பச்சை என்றால் அந்த வருஷம் விளைச்சல் அமோகம் என்று அவர் முடிவே கட்டிவிடுவார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புவது அழகர் மலைக்குத் திரும்புகிற சமயத்தில்தான். புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி என்று அழகர்கோவில் சாலை நெடுக மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் பல்லக்கு நிற்கும். ஒரு இடத்தில் தவறவிட்டால் அடுத்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே நிழல் இருக்கும், மோர், பானகம் கொடுப்பார்கள், திண்ணை வைத்த வீடு இருந்தால் உட்காரச் சொல்லி விசிறியும் தருவார்கள்.

அழகர் வேடம் கட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். புதுமண்டபத்தில் இருந்த தையல் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. உடுப்பு அழகாகத்தான் இருக்கிறது, சரிகை ஓரம் மட்டும் கழுத்தை அறுக்கும். உள்ளே ஒரு பழைய பருத்தி பனியன் போட்டு அதன் மேல் மாட்டினால் பிள்ளை அழாது. சொம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றுவதைப் பெரியவர்கள் செய்யட்டும், "கோவிந்தா" மட்டும் பிள்ளை சொல்லட்டும்.

போன வருஷம் அழகரைப் பார்த்ததைவிட ஜவ்வு மிட்டாய்க்காரரைப் பார்த்ததில்தான் என் மகனுக்குப் பேரானந்தம். மூங்கில் கழியின் உச்சியில் பொம்மை கைதட்ட, அவர் ரோஸ் கலர் மிட்டாயை இழுத்து, முறுக்கி, நொடியில் ஒரு வாட்ச் பண்ணி மணிக்கட்டில் கட்டினார். மிச்சம் ஒரு துளியைக் கன்னத்தில் ஒட்டினார். "மணி என்னடா?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அவன் ஒரு நக்கு நக்கிக் காட்டினான். பல்லக்கு வந்தபோது முள், எண் எல்லாம் வயிற்றுக்குள் போயிருந்தன, பட்டை மட்டும் கையில் மிச்சம்.

உங்கள் ஊரில் எப்படிச் சமாளிக்கிறீர்கள், சொல்லுங்கள்.

வில்லாபுரத்தான்

தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. கூட்டம் இல்லாமல் அழகர் எதற்கு? என் அப்பா தோளில் உட்கார்ந்துதான் நான் ஆற்றுக்குள் பார்த்தேன். துருத்தியில் பீய்ச்சுகிற தண்ணீர் முகத்தில் அடித்தது இன்னும் நினைவிருக்கிறது. டிவியில் பார்த்தால் அந்தத் தண்ணீர் மேலே படுமா? இப்போதைய பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறீர்கள்.

மாசி வீதி

அண்ணே, உங்கள் அப்பா காலத்தில் ஆட்டுத்தோல் பையில் பீய்ச்சினார்கள். நடுவில் பிரஷர் பம்பு வைத்து அடித்த கூத்தும், அதைத் தடை பண்ண கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியிருந்ததும் உங்களுக்கே தெரியும். தண்ணீர் வேண்டுமென்றால் திரும்புகிற வழியிலும் பீய்ச்சுகிறார்கள், வந்து பாருங்கள். பிள்ளைக்கு ஏழெட்டு வயது ஆகட்டும், தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நானே அனுப்புகிறேன்.

தென்காசிச் சாரல்

எங்கள் ஊருக்குத் திருவிழா என்றாலே குற்றாலம் சீசன்தான். ஜூனில் சாரல் விழ ஆரம்பித்தால் வெளியூர் உறவுக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான். வருகிறவர்கள் கைக்குழந்தையோடு நேராகப் பேரருவிக்குப் போகத்தான் நிற்பார்கள். நான் விடுவதில்லை.

பேரருவித் தண்ணீர் முதலில் பொங்குமாங்கடல் என்கிற பாறைப் பள்ளத்தில் விழுந்து வேகம் குறைந்துதான் கீழே வருகிறது. அப்படி வருவதே பெரிய ஆள் முதுகில் தடதடவென்று அறையும். சின்னப் பிள்ளைக்குச் சிற்றருவியோ புலியருவியோ போதும். அதிலும் வார நாளில், காலையில் சீக்கிரம். முதலில் ஓரமாக உட்காரவைத்துக் காலை மட்டும் நனைக்க வேண்டும். பிறகு நாம் அருவிக்கு முதுகைக் காட்டி நின்று பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால், நம் தோளில் பட்டுத் தெறிக்கிற தண்ணீர்தான் பிள்ளைமேல் விழும். என் தங்கை மகள் முதலில் வீரிட்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் "இன்னும், இன்னும்" என்று கையை நீட்டினாள், அதற்கப்புறம் அவளை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. பிள்ளையின் உதடு நீலம் பாய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். பாய்ந்தால் எவ்வளவு அழுதாலும் வெளியே தூக்கிவிட வேண்டியதுதான். தேங்காய்ப்பூத் துவாலை இரண்டு எடுத்து வையுங்கள், ஒன்று எப்படியும் நனைந்துவிடும்.

இன்னொன்று. குளிக்கக் கூடாது என்று போலீஸ் சொன்னால் வாக்குவாதம் பண்ணாதீர்கள். கீழே வெயில் அடிக்கும், மேலே மலைக்குள் மழை கொட்டிக்கொண்டிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டான். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் தடை என்று கணக்கு வைத்திருப்பது சும்மா இல்லை. தடை போட்ட அன்று என்ன பண்ணுவது? தூரத்தில் நின்று சாரலில் நனையலாம். குரங்கு பார்க்கலாம். பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடலாம், பிள்ளைகளுக்குச் சால்னா வேண்டாம், சர்க்கரை தூவிக் கொடுத்தால் இறங்கும். ரம்புட்டான், மங்குஸ்தான் சீசனும் அதுதான். ரம்புட்டானைக் கொட்டையோடு சின்னப் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள், வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும். கீறிக் கொட்டையை எடுத்துவிட்டுத் தசையைப் பிய்த்துக் கொடுங்கள்.

அரவங்காடு அப்பா

ஓரத்தில் நின்று பார்ப்பது என்றதும் எங்கள் மலை ரயில் நினைவுக்கு வந்தது. வருகிறவர்கள் எல்லாரும் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு ஏறி ஊட்டி வரை போகத்தான் ஆசைப்படுகிறார்கள். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம், 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது எல்லாம் சரி. ஏறி முடிக்க ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறையும். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. முதல் குகையில் பிள்ளைகள் எல்லாரும் "ஓ..." என்று கத்துவார்கள், நாலாவது குகைக்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் "எப்ப வரும்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். போதாததற்கு நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். எதைக் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிவந்தோமோ அது பிள்ளை கண்ணிலேயே படாது.

ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் நான் சொல்வது இது. காலையில் குன்னூர் ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்பாரத்தில் நில்லுங்கள். பத்தரை வாக்கில் மேட்டுப்பாளையம் வண்டி வரும். பல் சக்கரத் தண்டவாளம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான், அதனால் நீராவி இன்ஜினை இங்கே கழற்றிவிட்டு டீசல் மாட்டுவார்கள். இன்ஜின் தனியாக நகர்ந்து, புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு போவதைக் கை தொடுகிற தூரத்தில் பார்க்கலாம். (தொட வேண்டாம்.) என் மகள் அந்தச் சத்தத்துக்கு என் காலைக் கட்டிக்கொண்டாள், கண்ணை மட்டும் இன்ஜினை விட்டு எடுக்கவில்லை.

அப்புறம் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறிக்கொள்ளுங்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகை. ஒன்றேகால் மணி நேரம் சுமார். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் தோட்டம் ஜன்னலுக்குக் கீழே போகும். பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டுவதற்கு முன்னால் ஊர் வந்துவிடும். மே மாதம் என்றால் டிக்கெட்டை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் லோக்கல்

சென்னையில் காணும் பொங்கல் அன்று மெரினாவுக்கோ வண்டலூருக்கோ போய்ப் பிழைத்து வந்தவர்களுக்குத்தான் தெரியும். மெரினாவில் கடலுக்குள் இறங்கவிடாமல் சவுக்குக் கம்பு கட்டிவிடுவார்கள். பிள்ளைகள் மணிக்கட்டில் அப்பா அம்மா போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீஸே கட்டிவிடும். நல்ல ஏற்பாடு. அந்தப் பட்டையை நான் எல்லாத் திருவிழாவுக்கும் பழக்கமாக்கிக்கொண்டேன். ஒட்டுப் பிளாஸ்திரியில் நம்பரை எழுதிச் சட்டையின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். கையில் கட்டினால் என் சின்னவள் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறாள்.

நாங்கள் பொங்கல் விடுமுறையில் போவது வேடந்தாங்கல். காணும் பொங்கல் அன்று அங்கேயும் ஜனம் மொய்க்கும், அதனால் வேறு நாளில், சாயங்காலம் பறவைகள் கூட்டுக்குத் திரும்புகிற நேரமாகப் பார்த்து. நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா என்று நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வருவேன், பிள்ளைகள் எதையும் காதில் வாங்காது. கரண்டிவாயனைக் காட்டினால் மட்டும் நிற்கும். மூக்கே கரண்டியாக இருக்கிற பறவையைப் பார்த்து "அது எப்படிச் சோறு சாப்பிடும்?" என்று பெரியவன் கேட்டான். தண்ணீருக்குள் அலகைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி அது மேய்வதைப் பைனாகுலரில் பார்த்தான். வாடகைக்குக் கிடைக்கிறது, ஆளுக்கு ஒன்று எடுங்கள், இல்லாவிட்டால் அடிதடிதான்.

நாற்றம் அடிக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் சுற்றி இருக்கிற வயலுக்கு உரம். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே கேட்டு, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் அதற்கு உரிமை வாங்கி வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடிச் சத்தம் கேட்காது.

கண்மாய்க்கரை

தாம்பரம் சொன்னது போலவே எங்கள் சிவகங்கைப் பக்கமும் ஒரு ஊர் உண்டு. திருப்பத்தூரிலிருந்து மதுரை போகிற வழியில் கொள்ளுகுடிபட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அங்கேதான், 1977-லிருந்து. பறவைகள் பயந்துவிடும் என்று ஊரே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வனத்துறை வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போகும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மகனுக்குச் சரவெடிச் சத்தம் கேட்டால் மூச்சு நின்றுவிடும் அளவுக்கு அழுகை வரும். காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். சொந்தக்காரர்கள் "ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா" என்று இழுத்து வெளியே நிறுத்தப் பார்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, அந்தக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போய்விட்டேன். சின்னம்மா வீடு அங்கே பக்கத்து ஊர்தான். கரையில் உட்கார்ந்து அதிரசம் தின்றோம். முறுக்கை எறும்புக்குப் போடுவதில் அவனுக்குப் பொழுது போய்விட்டது.

சாயங்காலம் வீட்டு வாசலில் சத்தம் இல்லாத வகை மட்டும். 2018-லிருந்து நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றுதான் நேரம். எல்லாரும் கடைப்பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்த ஒரு மணி நேரக் கணக்கு எங்களுக்கு வசதி. "பெரிய முள் இங்கே வந்தால் முடிந்துவிடும்" என்று கடிகாரத்தைக் காட்டினால் அவனும் தாக்குப்பிடிக்கிறான். கம்பி மத்தாப்பை வெடியில்லை என்று சாதாரணமாக நினைக்கிறார்கள். அதன் பொறி ஆயிரம் டிகிரிக்கு மேல் போகும். அணைந்த கம்பிகூட வெகுநேரம் சுடும், தரையில் போட்டால் வெறுங்காலில் மிதித்துவிடுவார்கள். ஒரு வாளித் தண்ணீர் வைத்து, அணைந்ததும் அதில் "சுய்ய்" என்று போடுவது பெரியவர்கள் வேலை. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்துவிட்டது, மத்தாப்பை வேடிக்கை பார்ப்பதைவிட வாளிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான்.

முத்துநகர்

தூத்துக்குடியில் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி. பிள்ளை பிறந்த பிறகு நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். அவர் தன் அம்மாவோடு ராத்திரிப் பூசைக்கு, நான் பிள்ளையோடு காலைப் பூசைக்கு. காலையில் கோவில் முற்றம் காலியாக இருக்கும், குடிலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என் மகள் குழந்தை இயேசுவைவிட ஆட்டுக்குட்டிகளை எண்ணுவதில் மும்முரம். ஒரு ஆட்டின் காது உடைந்திருந்ததற்குப் பங்குத் தந்தையிடமே போய்ப் புகார் சொன்னாள்.

ஒரு சந்தேகம். ஜூலையில் குற்றாலம் வரலாம் என்று இருக்கிறோம். பஸ்ஸில் பிள்ளைக்கு டிக்கெட் எந்த வயதிலிருந்து?

தென்காசிச் சாரல்

வாருங்கள், வாருங்கள். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை இலவசம், 2022-க்கு முன்னால் மூன்று வயதாக இருந்தது. அதற்கு மேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். ரயிலிலும் ஐந்து வயதுக்குக் கீழ் இலவசம்தான், தனியாக பெர்த் வேண்டுமென்றால்தான் காசு. பிள்ளை கொஞ்சம் வாட்டசாட்டமாக இருந்தால் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் மருமகனுக்கு நாலு வயதுதான், கண்டக்டர் பக்கத்தில் வந்தாலே "எனக்கு ஆறு வயசு" என்று அவனாகவே முந்திக்கொண்டு சொல்லிவிடுவான்.