ரெண்டாவது வருடமும் வீட்டில்தான். மே மாத நீட் தேர்வு வரை மனசை எப்படிப் பிடித்து வைப்பது?

கேட்டவர்: பாமணிக்கரை

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். 2024ல் பிளஸ் டூ முடித்தேன், தமிழ் வழி. எட்டாவது வரை அரசுப் பள்ளி, ஒன்பதிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளி. அதனால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீடு எனக்குக் கிடையாது, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியாக இருக்க வேண்டுமாம். 2024 நீட்டில் 720க்கு 468. ஒரு வருடம் உட்கார்ந்து படித்து 2025ல் எழுதினேன், 431. படிக்கப் படிக்கக் குறைந்தது என் ஒருத்திக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் மேட்டூர் திறந்தது ஜூன் 12. ரிசல்ட் வந்தது ஜூன் 14. ஊரே தண்ணீர் வருவதைப் பேசிக்கொண்டிருந்ததால் என்னை இரண்டு வாரம் யாரும் கேட்கவில்லை. அது ஒரு புண்ணியம். தீபாவளிக்கு வந்த அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "என்ன பாப்பா, இன்னும் வீட்லதானா?" என்றார். மாமா, "நீட்டே ரத்தாகப் போகுது, ஏன் உசிரை விடுற" என்கிறார். இதையே அவர் நான் பத்தாவது படிக்கும்போதும் சொன்னார்.

இப்போது குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள், எங்கள் நெல் 21 காட்டியது. மத்தியானம் அப்பா சாப்பிட வரும் நேரத்தில் நான் காவலுக்குப் போகிறேன். வெயில் அடித்தால் பிரித்துக் கிளறிவிடுவது, தூறினால் குவித்துத் தார்ப்பாய் போடுவது. நடுவில் இயற்பியல் புத்தகம். ஒரே வரியை மூன்று தடவை படிக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை.

இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. என்னோடு படித்தவள் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். அவளுக்கு இரண்டு அரியர் என்று கேள்விப்பட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நல்ல பெண் அவள், எனக்கு நோட்ஸ் எல்லாம் கொடுத்தவள். நான் இப்படி ஆகிக்கொண்டிருக்கிறேனே என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இப்படி வீட்டில் இருந்து எழுதியவர்கள் யாராவது இருந்தால், அந்த நாட்களை எப்படிக் கடத்தினீர்கள் என்று சொல்லுங்கள். "நம்பிக்கையோடு இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது வாட்ஸப்பில் தினமும் வருகிறது.

பதில் 1: விடிகாலை நாலரை

போனை அப்பாவிடம் கொடுத்துவிடு. ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் படி. நெல்லைக் காவல் காப்பது உன் வேலை இல்லை, ஆள் போடச் சொல். மனசு அது இது என்பதெல்லாம் நேரம் நிறைய இருப்பவர்களுக்கு வரும் வியாதி. நானும் ரிப்பீட்டர்தான்.

பதில் 2: முத்துப்பேட்டை அக்கா

தங்கச்சி, முதலில் கணக்கைச் சரி பண்ணுவோம். 468லிருந்து 431க்கு இறங்கிவிட்டதாக நினைத்து ஐந்து மாதமாக அழுதுகொண்டிருக்கிறாய். 2024ல் திருத்திய முடிவுகளுக்குப் பிறகும் 17 பேர் 720க்கு 720. 2025ல் முதலிடமே 686தான். பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 162லிருந்து 144க்கு வந்தது. இயற்பியல் எல்லோரையும் அடித்துப் போட்ட வருடம் அது. இரண்டு ஸ்கோர் கார்டையும் எடுத்துவை. மார்க்கை விரலால் மறைத்துக்கொண்டு அகில இந்திய ரேங்கை மட்டும் பார். பார்த்துவிட்டு வந்து மீதியைப் படி.

பார்த்தாயா? சரி.

நான் 2018 செட். தமிழ் வழிதான். அந்த வருடம் 302 வாங்கினேன். தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தப்பு என்று வழக்குப் போட்டார்கள். ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கேள்விக்கு நாலு வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் 302 + 196 = 498 என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அம்மா பாயசம் வைத்துத் தெருவுக்கே கொடுத்தார். அந்த மாதம் முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டம்ளரில் ஒன்று இன்னும் வரவில்லை.

நான் உடைந்து போனது 302ஐப் பார்த்து இல்லை, அந்த 498ஐப் பார்த்துத்தான். அதற்குப் பிறகு நான்கு மாதம் நான் படித்தது புத்தகம் இல்லை, நியூஸ். கேஸ் எப்போது வருகிறது, யார் என்ன பேட்டி கொடுத்தார், எந்தக் கட்சி என்ன சொன்னது. இதற்கு நடுவில் ஒரு ஹாஸ்டல் கோச்சிங்கில் கட்டிய பணமும் போயிற்று. மார்க் வரிசைப்படி உட்கார வைப்பார்கள், நான் எப்போதும் ஜன்னல் ஓரம் கடைசி பெஞ்ச். இரண்டு மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். எங்கள் கொல்லையில் 46 தென்னை இருந்தது, காலையில் நின்றது ஏழு. ஓடெல்லாம் பறந்துவிட்டது. என் புத்தக அலமாரி சுவரோடு சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. விலங்கியல் இரண்டாம் பாகத்தைக் கொடியில் துணி மாதிரித் தொங்கவிட்டுக் காயவைத்தேன். அப்பளம் போல உப்பி வந்தது. இரத்த ஓட்டம் பாடம் மட்டும் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தால் இதயத்தின் படம் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். எங்கள் தெருவுக்குக் கரன்ட் வர 29 நாள் ஆயிற்று. அந்த நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் 196 மதிப்பெண் தீர்ப்பை ரத்தும் செய்துவிட்டது. எனக்குத் தெரிந்ததே பத்து நாள் கழித்துத்தான், போனில் சார்ஜ் இல்லை. காலண்டர் தாளோ சுவரோடு போயிருந்தது.

பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டுப் பேர் எழுத உட்கார வைத்தார்கள். அங்கே எனக்கு டாக்டராகும் லட்சியம் பொங்கியது என்று சொன்னால் அது பொய். ஓடு குத்திக் கிழித்த ஒரு தாத்தாவின் பாதத்தைத் திறந்தபோது எனக்குத் தலை சுற்றி, அவருக்கு வைத்திருந்த பெஞ்சில் நான் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் பதினோரு நாள், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, எனக்கு ஒரு வேலை இருந்தது. பேர், வயது, என்ன தொந்தரவு. யாரும் என் மார்க்கைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சாயங்காலம் சோலார் விளக்கில் இரண்டு மணி நேரம் படித்தது, அதற்கு முன் பத்து மணி நேரம் உட்கார்ந்து படித்ததைவிட நன்றாக நின்றது.

அதனால் மேலே ஒருவர் சொன்னதைக் கேட்காதே, நெல் காவலுக்குப் போ. அங்கே "நீட் என்ன ஆச்சு" என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஈரம் என்ன என்றுதான் கேட்பார்கள். ஆனால் இயற்பியல் கொண்டு போகாதே. கிளறிக்கொண்டே சுழற்சி இயக்கம் யாருக்கும் ஏறாது. உயிரியலில் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போ.

முகாம் முடிந்து மீந்த ரிஜிஸ்டர் ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். நீளமான நோட்டு, ஏற்கெனவே கட்டம் போட்டது. அதை எடுத்து மூன்று கட்டத்துக்குத் தலைப்பு மாற்றினேன்: "தெரியாது", "தெரிந்தும் மறந்தது", "அவசரம்". ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் தப்பான கேள்வி எண் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று எழுதுவேன். முதல் தேர்வில் 31 தப்பு. ஒரு தப்புக்கு வர வேண்டிய நாலும் போகிறது, கையில் இருக்கும் ஒன்றும் போகிறது. ஆக 155 மதிப்பெண். அதில் "தெரியாது" கட்டத்தில் இருந்தது ஒன்பதே ஒன்பது! நான் மக்கு இல்லை, அவசரக்குடுக்கை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மார்ச்சில் அந்த மூன்றாவது கட்டம் நாலுக்கு வந்தது. மனசு சரியில்லாத நாளில் நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டுவேன். இன்றைக்குக் கோர்ட் என்ன சொன்னாலும் மாமா என்ன சொன்னாலும் அந்த எண்ணிக்கை மாறாது. எனக்கு இருந்த நம்பிக்கை அந்த அளவுதான், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

தமிழில் எழுதுவதால் ஒன்று சொல்கிறேன். வினாத்தாளில் இரண்டு மொழியும் இருக்கும், குழப்பம் வந்தால் ஆங்கில வடிவம்தான் செல்லும். உந்தம் என்றால் மொமென்டம், முடுக்கம் என்றால் ஆக்சிலரேஷன் என்று இரண்டையும் சேர்த்தே எழுதிப் பழகு. இருநூறு முந்நூறு சொல் இருக்கும், ஒரு மாத வேலை.

அரியர் விஷயம். என் தோழிக்கு நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இவளும் வீட்டில் இருப்பாள், நானும் இருப்பேன் என்று. இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. நீ அவளுக்கு ஒரு போன் போடு, அரியரைப் பற்றிப் பேசாமல் வேறு ஏதாவது பேசு.

2019ல் 491 எடுத்தேன், அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இந்த வருடம் ஹவுஸ் சர்ஜன் முடித்தேன். ஆகஸ்டில் மேற்படிப்புக்கான பிஜி நீட் எழுதினேன், ரேங்க் போதவில்லை. ஆக, நானும் இப்போது வீட்டில்தான் இருக்கிறேன், தங்கச்சி. என் அத்தையும் தீபாவளிக்கு வந்திருந்தார்.

பதில் 3: கும்மோணத்தான்

அக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் கிடைக்காதவன் கதையும் ஒன்று இருக்கட்டும்.

நான் 2019, 2020, 2021 மூன்று தடவை எழுதினேன். 2020ல் கொரோனாவால் மே, ஜூலை என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் செப்டம்பர் 13ல் நடந்தது. அடுத்த வருடமும் செப்டம்பர்தான். தேதியே இல்லாத தேர்வுக்குப் படிப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டாம். மூன்றாவது தடவை எழுதும் முன்பே அப்பாவும் நானும் பேசி முடிவு செய்தோம், இது கடைசி என்று. அந்தப் பேச்சு நடந்த அன்றிலிருந்துதான் ராத்திரி தூங்கினேன்.

மெடிக்கல் சீட்டுக்குக் கவுன்சலிங் நடத்தும் தமிழ்நாடு அரசின் தேர்வுக் குழுதான் பாராமெடிக்கல் பட்டப்படிப்புகளுக்கும் கவுன்சலிங் நடத்துகிறது. அதில் நர்சிங்குக்குப் பிளஸ் டூ மார்க் போதும், நீட் வேண்டாம். அந்த விண்ணப்பத்தையும் போடு. போட்டால் மனசு இரண்டாகும் என்று எங்கள் அம்மா பயந்தார். எனக்கு நேர்மாறாக ஆயிற்று, கைநடுக்கம் நின்றது. பிஎஸ்சி நர்சிங் முடித்துத் தஞ்சாவூரில் ஐசியூவில் நைட் டியூட்டி பார்க்கிறேன். டாக்டராகவில்லை என்று வருத்தமே இல்லையா என்றால், இருக்கிறது. புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன் என் வயசாக இருந்து, ஊசி எங்கே போடுவது என்று என்னைக் கேட்கும்போது கொஞ்சம் வரும். சொல்லிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

பதில் 4: திருவையாத்து அம்மா

பாப்பா, நான் படிக்கிற பிள்ளை இல்லை, என் பையன் போன வருடம் உன்னைப் போல் இருந்தான். ராத்திரி சாப்பாட்டில் "இன்னைக்கு எவ்வளவு முடிச்ச?" என்று கேட்பேன். அக்கறையில்தான். பிறகு பார்த்தால் நான் படுத்த பிறகுதான் தட்டைப் போட்டுக்கொள்கிறான், ஆறிப்போன குழம்போடு. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டு "மோர் வேணுமா?" என்று மட்டும் கேட்டேன். பத்து நாளில் அவனே வந்து சொல்ல ஆரம்பித்தான், நிறுத்தத்தான் முடியவில்லை. இதை உங்கள் அம்மாவிடம் காட்டு.

பாமணிக்கரை

எல்லோருக்கும் நன்றி. அக்கா, விரலால் மறைத்துப் பார்த்தேன். ரேங்க் எண் போன வருடத்து எண்ணில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஸ்கோர் கார்டு ஜூனிலிருந்து பீரோவில்தான் இருந்தது, நான் மார்க்குக்குக் கீழே பார்க்கவே இல்லை. அப்பாவிடம் காட்டினேன், அவருக்கு முதலில் புரியவில்லை. எண் சின்னதானால் நல்லதா என்று இரண்டு தடவை கேட்டார். ஈரப்பதம் மாதிரிப்பா என்றதும் சிரித்துவிட்டார்.

போன வார மாதிரித் தேர்வை எடுத்துக் கட்டம் போட்டேன். 38 தப்பு. தெரியாது 14, மறந்தது 7, அவசரம் 17. நெல் இன்றைக்கு 18 காட்டுகிறது, நாளைக்கு வெயில் இருந்தால் எடுத்துவிடுவார்கள் போல. கும்மோணத்து அண்ணா, பாராமெடிக்கல் பற்றி இன்னும் கேட்க வேண்டும், ராத்திரி வந்து எழுதுகிறேன். இப்போது தூறல் போடுகிறது, தார்ப்பாய் இழுக்க ஆள் இல்லை.