ஆல் தி திங்ஸ் யூ ஆர்: ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ராகமா?

பட்டர்வொர்த் வயலின்:
வணக்கம். கர்நாடக வயலின் படித்தவன். ஜார்ஜ் டவுனில் நண்பர்களோடு ‘ஆல் தி திங்ஸ் யூ ஆர்’ என்ற ஜாஸ் பாட்டை வாசிக்கப் போகிறேன். முதல் ஐந்து பாருக்கு (பார் என்பது நான்கு அடி கொண்ட தாள அளவு), ஒவ்வொரு கார்டுக்கும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுக்கும், ஒரு ராகமாக எஃப் மைனர் 7 நடபைரவி, பி ஃபிளாட் மைனர் 7 கரகரப்பிரியா, இ ஃபிளாட் 7 ஹரிகாம்போதி, ஏ ஃபிளாட் மேஜர் 7 சங்கராபரணம், டி ஃபிளாட் மேஜர் 7 கல்யாணி என்று பிரித்தேன். வேகத்தில் கை தடுமாறுகிறது. மெதுவாக வாசித்தாலும் சரளி வரிசை போலவே இருக்கிறது. எங்கே தவறு?

தஞ்சோங் பியானோ:
தம்பி, ராகங்கள் சரிதான். ஆனால் ஐந்தும் ஏ ஃபிளாட் சங்கராபரணத்தின் கிரகபேதங்கள், அதாவது அதே சுரங்களை வேறு வேறு சுரத்திலிருந்து தொடங்குபவை. ஒரு சுரம்கூட மாறவில்லை, அதனால் அங்கே ராகம் மாற்ற வேலையே இல்லை. அந்தச் சங்கராபரணத்தின் ஸட்ஜமே நகரும் இடங்களை மட்டும் பார் எண்ணோடு தாளில் குறியுங்கள்: 1–5 ஏ ஃபிளாட், 6–8 சி, 9–13 இ ஃபிளாட், 14–20 ஜி, 21–23 இ, 25 முதல் மறுபடி ஏ ஃபிளாட். 21-இல் மட்டும் சி ஷார்ப்புக்குப் பதில் சி. மொத்தம் 36 பார். கடைசிப் பகுதி 8 அல்ல, 12. இதை மறந்தால் நான்கு பார் முன்னதாகவே தொடக்கத்துக்குப் போய்விடுவீர்கள்.

சரளி போலக் கேட்பதற்குக் காரணம் வேறு. கார்ட் மாறியது காதுக்குத் தெரிவது, அதன் பெயர்ச் சுரத்தை ஒன்றாக வைத்து எண்ணினால் வரும் 3ஆம், 7ஆம் சுரங்களில். பி ஃபிளாட் மைனர் 7-இன் ஏழாவதான ஏ ஃபிளாட் அடுத்த பாரில் ஜி-க்கு இறங்கும். அது இ ஃபிளாட் 7-இன் மூன்றாவது. அதன் ஏழாவதான டி ஃபிளாட், சி-க்கு இறங்கும். 5-இலிருந்து 6-க்குப் போகையில் எஃப் அப்படியே நிற்க, சி மட்டும் பி ஆகும். ஜெரோம் கெர்ன் 1939-இல் போட்ட மெட்டே பெரும்பாலும் மூன்றாம் சுரங்களில்தான் நிற்கிறது. முதலில் அதைப் பாடிப் பாருங்கள்.

கேஎல் பாஸ்:
இரண்டு இடங்களை விடவே கூடாது. 23-இல் இ மேஜர் 7-இன் மூன்றாவது ஜி ஷார்ப். 24-இல் சி 7-இன் ஏற்றிய ஐந்தாவதும் அதுவே. 25-இல் அதே ஒலி ஏ ஃபிளாட் என்ற பெயரில் எஃப் மைனர் 7-இன் மூன்றாவது. வில்லை எடுக்காமல் மூன்று பாரும் அந்த ஒரே சுரத்தைப் பிடியுங்கள், கீழே உலகமே மாறும். அடுத்தது 29 முதல் 33 வரை, பாருக்கு அரைச்சுரமாக இறங்கும் மூன்றாம் சுரங்கள்: எஃப், இ, இ ஃபிளாட், டி, டி ஃபிளாட். 34-இல் அதே டி ஃபிளாட், 35-இல் சி.

பயிற்சிக்கு மெட்ரோனோமை 60-இல் வைத்து, அந்த அடியை 2, 4 என்று எண்ணுங்கள். வேகம் 120 ஆகும். பாருக்கு ஒரு மூன்றாம் சுரம் மட்டும் வாசியுங்கள். அது நிலைத்த பிறகு, 4ஆம் அடியின் பிற்பாதியில் அடுத்த பாரின் மூன்றாம் சுரத்துக்கு அரைச்சுரம் கீழே தொட்டு, 1-இல் அதில் ஏறுங்கள். அந்தச் சுரத்தில் கமகம் வேண்டாம். அசைத்தால் அது மேஜரா மைனரா என்பதே மங்கிவிடும், பியானோவோடும் இடிக்கும்.