சொந்த எடிட்டரா, ரெடிமேடா? போனில் தமிழ் எழுத்து இரட்டிக்கிறது (அவசரம்)

கரிசல்_குமார்:
வணக்கம் நண்பர்களே. எங்கள் தளத்தில் கட்டுரை எழுத எடிட்டரை நாங்களே எழுதியிருக்கிறோம். கம்ப்யூட்டரில் எல்லாம் சரி. போனில் தமிழில் அடித்தால் எழுத்து இரட்டிக்கிறது, கர்சர் வரி ஆரம்பத்துக்கு ஓடுகிறது. இதையே சரிசெய்வதா, வெளியிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுவதா? வெள்ளிக்கிழமை லைவ் போகணும். சீக்கிரம் சொல்லுங்கள்.

பைட்பாண்டி:
எந்த போன், எந்த கீபோர்டு? சாதாரண எழுத்துப் பெட்டியான டெக்ஸ்ட்ஏரியாவா, பக்கத்தின் ஒரு பகுதியிலேயே எழுதவிடும் கன்டென்ட்எடிடபிளா? ரியாக்ட் லைப்ரரியில் கட்டியதா? போல்டும் லிங்கும் போதுமா, டேபிள், படமெல்லாம் வேண்டுமா? இதைச் சொல்லாமல் ஜோசியமா பார்ப்பது?

மூத்த_நிரலர்:
இந்தக் கேள்வி எப்போதும் வருவதுதான், தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. கூகுள் டாக்ஸ் 2010இல் கன்டென்ட்எடிடபிளையே தூக்கிப் போட்டுவிட்டு, கர்சர் உட்பட எல்லாவற்றையும் தானே வரைந்தது. 2021இல், எழுத்தையும் படம்போல வரையும் கேன்வாஸுக்கு மாறுவதாக அறிவித்தது. அடிப்படை தெரிந்தவன் சொந்தமாகத்தான் எழுதுவான், தம்பி.

பைட்பாண்டி:
அவர்களிடம் ஆள் இருக்கிறது ஐயா. இவரிடம் வெள்ளிக்கிழமைதான் இருக்கிறது.

ஓவியா_ஓப்பன்சோர்ஸ்:
முதலில் லைசென்ஸைப் பாருங்கள். டைனிஎம்சிஇ என்ற ரெடிமேட் எடிட்டர் 6ஆம் பதிப்பில் எம்ஐடி, அதாவது தாராளமாகப் பயன்படுத்தலாம். 7இலிருந்து ஜிபிஎல் (அதோடு சேர்த்து வெளியிடும் நிரலையும் திறந்து வைக்கச் சொல்லும் லைசென்ஸ்), இல்லையென்றால் காசு. சிகேஎடிட்டர் 5ம் அதே கதைதான். எடிட்டர் கட்ட உதவும் லைப்ரரிகளான புரோஸ்மிரர், லெக்சிகல் இரண்டும் எம்ஐடி. இன்னொன்று, பெரிய கம்பெனி என்று நம்பிவிடாதீர்கள். டிராஃப்ட்ஜேஎஸ் என்ற எடிட்டர் லைப்ரரியை ஃபேஸ்புக் 2016இல் வெளியிட்டது. பிறகு 2022இல் லெக்சிகலை இறக்கிவிட்டு, பழையதை ஆர்கைவ் செய்துவிட்டது. அதை நம்பிக் கட்டியவர்கள் எல்லோரும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

கரிசல்_குமார்:
ஆமாம், ரியாக்ட்தான். கன்டென்ட்எடிடபிள். ஆண்ட்ராய்டு, ஜிபோர்டு (கூகுள் கீபோர்டு). ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்டேட்டில் (ரியாக்டின் நினைவில்) வைத்து, திரும்ப இன்னர்எச்டிஎம்எல்லில் (பெட்டியின் உள்ளடக்கத்தில்) எழுதுகிறோம். தலைப்பு, போல்டு, லிங்க், படம் போதும்.

விசை_விஜி:
அதுதான் காரணம். நீங்கள் அடிக்கும் சொல் முடியும்வரை ஜிபோர்டு அதைத் தன் கையிலேயே வைத்திருக்கும். சொல்லுக்குக் கீழே கோடு தெரியுமே, அதுதான் அடையாளம். அந்த நேரத்தில் நீங்கள் எச்டிஎம்எல்லை மாற்றி எழுதினால் ஜிபோர்டு பிடித்திருந்த நோடு (பக்கத்தில் அந்தச் சொல் இருந்த துண்டு) காணாமல் போகிறது, சொல்லை முதலிலிருந்து மறுபடி போடுகிறது. 'வணக்' என்று அடித்தால் 'வவணவணக்' என்று வருகிறதா? கீடவுனில் (விசை அழுத்தும் நிகழ்வில்) பிடிக்கலாம் என்று போகாதீர்கள், ஆண்ட்ராய்டு குரோமில் பெரும்பாலும் 229 என்ற எண்தான் கிடைக்கும். என்ன எழுத்து என்றே தெரியாது. சொல் தொடங்கும்போது வரும் கம்போசிஷன்ஸ்டார்ட் முதல் முடியும்போது வரும் கம்போசிஷன்எண்ட் வரை டாமை, அதாவது பக்கத்தின் உள்ளமைப்பை, தொடாமல் இருங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு இது போதும். ஆனால் இதோடு நிற்காது. நீங்கள் டாமை மாற்றும்போதெல்லாம் பிரவுசரின் அன்டூ குழம்பும். வேர்டிலிருந்து ஒட்டினால் குப்பை ஸ்டைல் கூடையோடு வரும். போல்டுக்குப் பிரவுசரின் பழைய கட்டளையான எக்சிக்கமாண்ட் வைத்திருந்தால், அது கைவிடப்பட்டது என்று எப்போதோ அறிவித்துவிட்டார்கள். அதனால் முழுக்கச் சொந்தம், முழுக்க வெளி என்று பார்க்காதீர்கள். கர்சர், அன்டூ, கீபோர்டு சண்டையெல்லாம் புரோஸ்மிரர் பார்த்துக்கொள்ளட்டும். அது நேரடியாகக் கடினமென்றால் அதன்மேல் கட்டிய டிப்டாப். டூல்பார், படம் ஏற்றுவது இரண்டும் உங்கள் கையில். சேமிப்பது ஜேசனாக (எளிய தரவு வடிவம்) இருந்தால் பின்னால் லைப்ரரி மாறினாலும் சமாளிக்கலாம்.

மூத்த_நிரலர்:
எந்த லைப்ரரி போட்டாலும் தமிழ் பேக்ஸ்பேஸ் சரியாக வராது. 'கோ'வில் ஒரு தட்டுத் தட்டினால் 'க' மிஞ்சுகிறது. எழுத்து முழுசாகப் போக வேண்டாமா?

தட்டச்சு_தாமரை:
க மிஞ்சுவதுதான் சரி! 'கோ'வை 'கொ' ஆக்க ஒரு தட்டு, ஒரு குறி, முடிந்தது. முழு எழுத்தும் போக வேண்டுமென்றால் முன்னால் கர்சரை வைத்து டெலிட் அடியுங்கள்.

மூத்த_நிரலர்:
வாசகருக்கு 'கோ' ஓர் எழுத்து. யூனிகோடு கணக்கு அவருக்கு எதற்கு? எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் பிரவுசர் வசதியான இன்ட்ல் செக்மென்டர் வைத்து வெட்டினால் தீர்ந்தது.

விசை_விஜி:
பயர்பாக்ஸில் அது 2024இல்தான், 125ஆம் பதிப்பில் வந்தது. பழைய போன் வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அதைவிட வேடிக்கை, சில பழைய கோப்புகளிலிருந்து ஒட்டினால் 'கோ' மூன்று குறியாக வரும்: க, ஏகாரக் கொம்பு, கால். அதில் பேக்ஸ்பேஸ் தட்டினால் 'கே' மிஞ்சும். தேடலிலும் சிக்காது. ஒட்டும்போதே, கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கும் யூனிகோடு வடிவமான என்எஃப்சிக்கு மாற்றிவிடுங்கள்.

தட்டச்சு_தாமரை:
தமிழ்99 கீபோர்டு முறையில் அடிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் என் கட்சிதான்.

மூத்த_நிரலர்:
கேட்டவர்கள் எல்லாம் உங்கள் நண்பர்களாக இருப்பார்கள்.

பைட்பாண்டி:
குமார் இருக்கிறாரா? ஆளையே காணோம்.

கரிசல்_குமார்:
இருக்கிறேன் அண்ணே, வேலை. விஜி சொன்னபடி கம்போசிஷன் நேரத்தில் தொடாமல் விட்டோம், இரட்டிப்பு நின்றுவிட்டது, கர்சரும் ஓடவில்லை. இப்போதைக்கு இதோடு லைவ் போகிறோம், டிப்டாப் அடுத்த மாதம். பேக்ஸ்பேஸ் பற்றி இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை. ஐபோனில் ஒட்டினால் எழுத்து பெரிதாக வருகிறது, அதற்குத் தனி இழை போடுகிறேன்.