சட்டக் கல்லூரி தோழிய தேடறோம், வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே. வேலூர் அரசு சட்டக் கல்லூரில 2009ல சேந்து 2012ல முடிச்ச 3 வருஷ பேட்ச் நாங்க. அடுத்த மாசம் சத்துவாச்சாரில எல்லாரும் கூடறோம், ஒரே ஒருத்தங்க மட்டும் கிடைக்கல.

குடியாத்தம் பக்கம் தறி நெய்யற வீட்டு பொண்ணு, கருப்பு கோட்ட மஞ்சப்பைல மடிச்சு எடுத்துட்டு பஸ்ல வருவாங்க, கோர்ட் வாசல்ல வந்து தான் உதறி போடுவாங்க. இன்னைக்கு எங்கள்ல ரெண்டு பேரு சிவில் ஜட்ஜு, ஒருத்தரு அரசு வக்கீல், மூணு பேருக்கும் சிபிசி (சிவில் கேஸ் நடத்தற முறைக்கான சட்டம்) சொல்லிக் குடுத்தது அவங்க தான், அவங்க இல்லாம மேடைல பாராட்டு வாங்க யாருக்கும் மனசு வரல.

பழைய நம்பர் 2015லயே போச்சு. கோர்ட் கேஸ் விவரம் பாக்கற ஈகோர்ட்ஸ் சைட்டுல வக்கீல் பேர் போட்டு தேடினோம், அதே பேர்ல ஏகப்பட்ட பேரு வருது, வக்கீலா பதிவு பண்ணப்ப குடுக்கற என்ரோல்மென்ட் நம்பர் இருந்தா நேரா பாத்துடலாம், அது எங்ககிட்ட இல்ல. குடியாத்தம், ராணிப்பேட்டை கோர்ட்ல விசாரிச்சாச்சு, கல்யாணமாகி ஓசூர் போய்ட்டாங்கன்னு ஒரு பேச்சு, அவ்ளோ தான். 2012 கடைசில சென்னைல என்ரோல் பண்ணது நிச்சயம். அவங்க சம்மதம் இல்லாம பேர இங்க போடல.

பேரும் வருஷமும் மட்டும் எழுதிக் குடுத்தா வக்கீல்கள பதிவு பண்ற பார் கவுன்சில்ல எங்க லெட்டர அவங்களுக்கு அனுப்பி வைப்பாங்களா, யாராச்சும் அப்டி பண்ணியிருக்கீங்களா?